காசநோயாளியின் உணவுத் தட்டு

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் 24 ஆம் திகதி உலக காசநோய் தினம் அனுஷ்டிக்கப்படுகின்றது. 1882 ஆம் ஆண்டில் இதே தினத்தில்தான் ஜேர்மனிய மருத்துவ அறிஞர் றொபேட் கொக், காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரைத் தாம் கண்டறிந்துவிட்டதாக பேர்லின் நகரில் அறிவித்தார். அத்தினத்தில் ஊர்வலங்கள் செல்லும். துண்டுப் பிரசுரங்கள் விநியோகிக்கப்படும். மேடைகளில் உரைகள் நிகழ்த்தப்படும். மறுநாள் நாம் அந்நோயை மறந்துவிடுவோம். ஆனால், நோய் எம்மை மறப்பதில்லை. உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஒரு கோடியே 8 இலட்சம் பேர் காசநோய்க்கு ஆளாகினர். அவ்வாண்டில் பன்னிரண்டரை இலட்சம் பேர் அந்நோயினால் உயிரிழந்தனர். மருந்து கண்டுபிடிக்கப்பட்டு முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் இதுவே நிலைமை.

இலங்கையில் கொரோனா பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் வருடந்தோறும் எட்டாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட காசநோயாளர்கள் பதிவுசெய்யப்பட்டனர். உண்மையில் நோய்க்கு ஆளாவோர் சுமார் பதினான்காயிரம் பேராக இருக்கலாம் என உலக சுகாதார அமைப்பு அக்காலப்பகுதியில் மதிப்பிட்டிருந்தது. அதாவது, நோயுற்றோரில் கணிசமான தொகையினர் எந்தவொரு பதிவேட்டிலும் இல்லாமலேயே இருமிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் எமது அயல்வீட்டிலோ, நாம் பயணஞ் செய்த பஸ் வண்டியிலோ இருந்திருக்கக்கூடும்.

வன்னிப் பெருநிலப்பரப்பைப் பொறுத்தவரையில் இவ்விடயம் கூடுதலான கவனத்துக்குரியது. நெருக்கமான இருப்பிடம், போதாத உணவு, காலந்தாழ்த்திக் கிடைக்கும் சிகிச்சை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் காசநோய் வேரூன்றும் என்பது உலகம் கண்ட உண்மை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் மக்கள் இம்மூன்றையும் ஒரு தலைமுறை காலம் அனுபவித்தவர்கள். 1990 ஆம் ஆண்டில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். தொண்ணூறுகளில் நிலவிய பொருளாதாரத் தடையினால் வன்னிக்குள் மருந்தும் உணவும் அருமையாகின. 2004 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றது. 2009 இல் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்தோடு கூடாரமாக அடைந்து கிடந்தனர். மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேயே. மீளக்குடியேறி மூச்சுவிடத் தொடங்கிய வேளையில் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்து சேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இவ்வாறான வரலாற்றையுடைய பிரதேசத்தில் ஒருவருக்குக் காசநோய் என உறுதிசெய்யப்பட்டதும், அவரது குடும்பத்தின் முன் ஒரு கேள்வி எழுகின்றது. மாத்திரைகளை அரசாங்கம் இலவசமாகத் தருகின்றது. கையிலுள்ள சிறுதொகைப் பணத்தை எதற்குச் செலவிடுவது? மருந்தகத்தின் கண்ணாடி அலுமாரியிலும், வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களிலும், இப்போது கைத்தொலைபேசித் திரையிலும் “அன்ரி ஒக்சிடன்ற்” என்னும் சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. அச்சொல் பொறித்த போத்தல் ஒன்றை வாங்கினால் நோயாளி தேறிவிடுவார் என்ற நம்பிக்கை எளிதில் பிறந்துவிடுகின்றது. அந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்பதைப் பிரித்தறிவதற்கு, காசநோயாளியின் உடலுக்குள் என்ன நடக்கின்றது என்பதை நாம் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

கறளும் காறலும்

மழையில் கிடந்த மண்வெட்டியில் கறள் ஏறுகின்றது. நாட்பட்ட தேங்காயெண்ணெய் காறுகின்றது. வெட்டிவைத்த வாழைக்காய் கறுக்கின்றது. இம்மூன்றும் ஒட்சிசனின் வேலையே. இதனையே ஒட்சியேற்றம் என்கின்றோம். வெட்டிய வாழைக்காயின் மீது தேசிக்காய்ச் சாறு பிழிந்தால் அது விரைவில் கறுப்பதில்லை என்பதையும் எமது வீடுகளில் அறிவார்கள். தேசிக்காயிலுள்ள புளிப்பும் விற்றமின் ‘சி’யும் ஒட்சியேற்றத்தைத் தடுத்துவிடுகின்றன.

எமது உடலின் கலங்களிலும் இதனையொத்த நிகழ்வு இடையறாது நடைபெறுகின்றது. நாம் உண்ணும் உணவை ஒட்சிசனின் துணையுடன் எரித்தே கலங்கள் சக்தியைப் பெறுகின்றன. அடுப்பு எரிந்தால் பொறி பறக்கும். அதுபோலவே இவ்வெரிதலின்போது இலத்திரன் குறைபாடுடைய, எதனோடும் பாய்ந்து தாக்கம் புரியக்கூடிய ஒட்சிசன் மூலக்கூறுகள் சிறிதளவு தெறிக்கின்றன. விஞ்ஞானிகள் இவற்றுட் பலவற்றைச் சுயாதீன மூலிகங்கள் என அழைப்பர். சுப்பரொட்சைட்டு, ஐதரொட்சில் ஆகியன அவ்வகையின. ஐதரசன் பெரொட்சைட்டும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படுவதே. இவை கலத்தின் கொழுப்பு மென்சவ்வையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் சேதப்படுத்த வல்லவை.

ஆயினும் இப்பொறிகளை அணைப்பதற்கான ஏற்பாடும் உடலிலேயே உண்டு. அதுவே ஒட்சியேற்ற எதிர்ப்பு அரண். அதில் இரு படைகள் உள்ளன. முதலாவது, உடல் தானே தயாரிக்கும் நொதியங்களும் குளுற்றாதயோன் போன்ற பொருட்களும் ஆகும். காயமொன்றை ஐதரசன் பெரொட்சைட்டினால் கழுவும்போது அது பொங்கி நுரைப்பதைப் பலரும் கண்டிருப்பர். குருதியிலும் இழையங்களிலும் உள்ள கற்றலேசு என்னும் நொதியம் அதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிடுவதே அந்நுரைக்குக் காரணம். நாகம், செப்பு, மங்கனீசு, செலனியம் முதலிய கனிமங்கள் சிறிதளவேனும் கிடைக்காவிடின் இவ்வகை நொதியங்களிற் பல இயங்கமாட்டா. இரண்டாவது படை உணவிலிருந்து நேராக வருவது. விற்றமின் ‘சி’, விற்றமின் ‘ஈ’, காய்கறிகளுக்கு மஞ்சளும் செம்மஞ்சளுமான நிறத்தைத் தரும் கரோட்டின்கள் ஆகியன இதில் அடங்கும்.

பொறியும் அரணும் சமநிலையில் இருக்கும்வரை கேடில்லை. பொறிகள் மிகுந்து அரண் மெலியும் நிலையையே ஒட்சியேற்ற அழுத்தம் என்கின்றனர்.

சுவாசப்பைக்குள் நடக்கும் போர்

காசநோய்க் கிருமி காற்றின் வழியாகச் சுவாசப்பையை அடைந்ததும் அங்குள்ள பெருந்தின்குழியங்கள் என்னும் காவற் கலங்கள் அதனை விழுங்குகின்றன. விழுங்கிய கிருமியைக் கொல்வதற்கு அவை கையாளும் ஆயுதங்களுள் ஒன்று, மேலே கூறிய அதே சுப்பரொட்சைட்டும் ஐதரசன் பெரொட்சைட்டுமாகும். சாதாரண காலத்தில் உடல் அடக்கிவைக்கும் தீயைப் போர்க்காலத்தில் அது தானே மூட்டுகின்றது. இவ்வாயுதத்தை உருவாக்க இயலாத பிறவிக் குறைபாடுடைய சில குழந்தைகள் உள்ளனர். அவர்களுக்குக் காசநோயைத் தடுப்பதற்காக ஏற்றப்படும் பீசீஜி தடுப்பூசியே சில வேளைகளில் கேடாக முடிகின்றது. இத்தீ உடலுக்கு எவ்வளவு அவசியமானது என்பதற்கு இதுவே தக்க சான்று.

ஆனால், காசநோய்க் கிருமி இலகுவில் சாவதில்லை. அதன் மேலுறை மெழுகுத் தன்மையானது. அத்துடன், ஒட்சியேற்றத்தைத் தாங்குவதற்கென அதற்கும் தனியான அரண் உண்டு. எமது உடலில் குளுற்றாதயோன் செய்யும் வேலையை அக்கிருமியில் மைக்கோதயோல் என்னும் பொருள் செய்கின்றது. பெரொட்சைட்டைப் பிரிப்பதற்கு அதனிடமும் கற்றலேசு வகையைச் சேர்ந்த ஒரு நொதியம் இருக்கின்றது. இவற்றின் பாதுகாப்பில், தன்னை விழுங்கிய கலத்தினுள்ளேயே கிருமி மறைந்து வாழ்கின்றது. கலங்கள் தொடர்ந்து தீ மூட்டுகின்றன. கிருமி தொடர்ந்து தாக்குப்பிடிக்கின்றது. வாரங்களாக, மாதங்களாக நீளும் இப்போரில் எரிந்துபோவது நோயாளியின் சுவாசப்பையே. எக்ஸ்றே படத்தில் காணப்படும் குழிவுகளும், சிகிச்சை முடிந்த பின்னரும் சிலருக்கு எஞ்சியிருக்கும் தழும்பும் மூச்சுத்திணறலும் இப்போரின் எச்சங்கள். இருபுறத்துத் தீக்கும் நடுவில் அகப்பட்டு வீடு எரிந்த அனுபவம் எமது மக்களுக்குப் புதியதன்று.

மறுபுறத்தில் நோயாளியின் அரண் நாளுக்கு நாள் மெலிகின்றது. காய்ச்சலினால் உடலின் எரிபொருட் தேவை கூடுகின்றது, பசியோ அற்றுப்போகின்றது. தசை கரைகின்றது. உணவில் வரவேண்டிய விற்றமின்களும் கனிமங்களும் வருவதில்லை. இருந்தவையும் போரிற் செலவாகின்றன. எதியோப்பியாவில் சிகிச்சை ஆரம்பிக்கப்படாத காசநோயாளரின் குருதியைப் பரிசோதித்து 2003 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அவர்களது உடலில் விற்றமின் ‘சி’, விற்றமின் ‘ஈ’ ஆகியன குறைந்தும், கொழுப்பு ஒட்சியேற்றமடைந்ததைக் காட்டும் மலோண்டையல்டிகைட்டு என்னும் பொருள் உயர்ந்தும் காணப்பட்டன. வேறு பல நாடுகளின் ஆய்வுகளும் இதே திசையையே காட்டியுள்ளன.

நீரிழிவு நோய், புகைப்பழக்கம், மதுபானம், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியனவும் இவ்வரணைத் தனித்தனியே அரிப்பவை. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு முதல் மூன்று மடங்காகும். நீரிழிவு ஊர்கள்தோறும் பெருகியுள்ள எமது நாட்டில் இது சாதாரணமான செய்தியல்ல.

கேடயமே திறவுகோலான கதை

காசநோய்க்கு எதிரான போரில் மனிதனுக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆயுதங்களுள் ஒன்று, 1952 ஆம் ஆண்டில் பாவனைக்கு வந்த ஐசோனியாசிட் என்னும் மாத்திரை. அது செயற்படும் விதம் வியப்புக்குரியது. மாத்திரையாக விழுங்கும்போது அதற்குக் கிருமியைக் கொல்லும் வலு இல்லை. கிருமிக்குள் புகுந்த பின்னர், ஒட்சியேற்றத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதற்காகக் கிருமி வைத்திருக்கும் அதே கற்றலேசு நொதியமே அதனை நஞ்சாக மாற்றுகின்றது. கிருமி தன் கேடயத்தினாலேயே மடிகின்றது. 1992 ஆம் ஆண்டில் பிரித்தானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்நொதியத்துக்கான மரபணுவை ஆராய்ந்து, அம்மரபணு சிதைந்த கிருமிகள் ஐசோனியாசிட்டுக்கு அடங்குவதில்லை என்பதை வெளிப்படுத்தினர்.

இதில் நோயாளி ஒவ்வொருவரும் மனங்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒருசில, இயல்பாகவே இந்நொதியம் மாறுபட்டுப் பிறக்கின்றன. நான்கு மருந்துகளைச் சேர்த்து, குறித்த காலம் முழுவதும் உட்கொண்டால் அவையும் அழிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் உடல் தேறிவிட்டது என நினைத்து மருந்தை நிறுத்தினால், அல்லது விரும்பிய நாட்களில் மட்டும் உட்கொண்டால், அடங்காத கிருமிகளே எஞ்சிப் பெருகும். பின்னர் அவர் இருமும்போது பரவுவது மருந்துக்கு அடங்காத காசநோயாகும். முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதங்களுக்கு முதலிரண்டும் என ஆறு மாதச் சிகிச்சை வகுக்கப்பட்டிருப்பதும், சுகாதார ஊழியர் ஒருவரின் கண்முன்னே மாத்திரை விழுங்கச் செய்யப்படுவதும் இதன் பொருட்டே. நோயாளி மீதான அவநம்பிக்கையாக இதனைக் கருதலாகாது.

இம்மருந்துகளுக்கும் ஒரு விலை உண்டு. அவற்றைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் வேலை ஈரலுக்குரியது. அவ்வேளையில் உருவாகும் சில பொருட்கள் ஈரலின் குளுற்றாதயோனைச் செலவழித்து, ஒட்சியேற்ற அழுத்தத்தை அங்கேயும் உண்டாக்குகின்றன. பெரும்பாலானோரின் ஈரல் இதனைத் தாங்கிக்கொள்கின்றது. ஒரு சிலருக்கே செங்கண்மாரி ஏற்படுகின்றது. கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, தேநீர்ச் சாயம் போன்ற கருஞ் சிறுநீர் ஆகியன தென்பட்டால் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். ரிபாம்பிசின் காரணமாகச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது வேறு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சிகிச்சைக் காலத்தில் கசிப்போ சாராயமோ அருந்துவது, ஏற்கனவே பாரஞ் சுமக்கும் ஈரலின் மீது மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவதாகும்.

போத்தலில் அடைத்த நம்பிக்கை

அப்படியாயின், ஒட்சியேற்ற எதிரிகளை மாத்திரையாகவோ பானமாகவோ கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானதே. விஞ்ஞானிகளும் அதனையே கேட்டனர். கிடைத்த விடைகள் விளம்பரங்கள் கூறுவதைப் போல நேரானவையாக இல்லை.

2013 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் அல்பேட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், ஆய்வுகூடக் குழாயிலுள்ள காசநோய்க் கிருமிகளை உயர்ந்த செறிவுடைய விற்றமின் ‘சி’ கொல்லுவதைக் கண்டனர். ஆனால் அங்கே விற்றமின் ‘சி’ தீயை அணைக்கவில்லை; மாறாக, இரும்புடன் சேர்ந்து தீயை மூட்டியே கிருமியைக் கொன்றது. ஒரே பொருள் ஓரிடத்தில் நீராகவும் மற்றோரிடத்தில் எண்ணெயாகவும் நடந்துகொள்ளக்கூடும் என்பதையே இது உணர்த்துகின்றது. குழாயில் நிகழ்ந்தது மனித உடலிலும் நிகழும் என இதைக்கொண்டு கூறிவிட முடியாது.

பின்லாந்தில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் புகைபிடிப்பாளர்களிடம் நடத்தப்பட்டு 1994 இல் முடிவு வெளியான பாரிய ஆய்வு உலகையே திடுக்கிட வைத்தது. பீற்றா கரோட்டின் மாத்திரை உட்கொண்டோரிடையே சுவாசப்பைப் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. அவ்வாய்வின் தரவுகளைப் பின்னர் மீளாய்வு செய்தபோது, அதிகமாகப் புகைபிடித்து, உணவில் விற்றமின் ‘சி’யும் மிகுதியாகப் பெற்ற பிரிவினரில் விற்றமின் ‘ஈ’ மாத்திரை காசநோய் அபாயத்தைக் கூட்டியிருந்தமை 2008 இல் தெரியவந்தது. விற்றமின் ‘டி’ காசநோய்த் தொற்றைத் தடுக்குமா என மொங்கோலியாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, தடுக்கவில்லை என 2020 இல் விடையளித்தது. நாளாந்தத் தேவைக்கு மேற்பட்ட விற்றமின் மாத்திரைகள் காசநோயாளரின் குணமடைதலைக் கூட்டுகின்றன என்பதற்குப் போதிய சான்றில்லை என, உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளிவந்த மதிப்பீடொன்றும் கூறியது. குளுற்றாதயோனைப் பெருக்கும் மருந்தொன்று ஈரலைக் காக்குமா என்பதில் நடந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று முழுமையாக இசையவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. உடல் மூட்டும் தீ ஒரே வேளையில் ஆயுதமாகவும் ஆபத்தாகவும் இருக்கின்றது. எங்கே, எப்போது, எவ்வளவு அணைக்க வேண்டும் என்பதை உடல் அறியும், போத்தல் அறியாது. மேலும், காசநோயாளியின் குருதியில் விற்றமின் குறைந்திருப்பது நோயின் காரணமா, விளைவா என்பதும் எளிதிற் பிரிக்க முடியாதது. குறைந்திருக்கும் ஒன்றை அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் நோய் மாறும் என முடிவுகட்டுவது தருக்கப் பிழையாகும். ஐசோனியாசிட்டினால் ஏற்படக்கூடிய நரம்பு விறைப்பைத் தடுப்பதற்காக வைத்தியர்கள் கொடுக்கும் விற்றமின் ‘பி6’ இதற்குப் புறம்பானது. அதனைத் தவறாது உட்கொள்ள வேண்டும். அதேபோன்று இரும்புச் சத்து மாத்திரைகளை வைத்தியர் பணித்தாலன்றி நோயாளி தாமாக வாங்கி உட்கொள்ளலாகாது. இரும்பு காசநோய்க் கிருமிக்கும் வேண்டிய உணவே.

உணவு செய்யும் வேலை

மாத்திரை விற்றமின்கள் கைவிட்ட இடத்தில் சாதாரண உணவு என்ன செய்கின்றது? இங்கே இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. இரண்டிலும் சென்னைக்குப் பங்குண்டு.

1956 ஆம் ஆண்டில் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஓர் அடிப்படையான கேள்வியை எடுத்துக்கொண்டது. நல்லுணவும் ஓய்வும் கிடைக்கும் சானற்றோரியத்தில் வைத்துச் சிகிச்சையளிப்பதா, நெருக்கடியான வறிய வீட்டில் வைத்தே அதே மருந்தைக் கொடுப்பதா? 1959 இல் வெளியான முடிவின்படி, குறைந்த உணவை உண்டு வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சமமான அளவில் குணமடைந்திருந்தனர். அவர்களது குடும்பத்தினருக்குக் கூடுதலான தொற்றும் ஏற்படவில்லை. உலகெங்கும் சானற்றோரியங்கள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை பரவுவதற்கு இவ்வாய்வு வழிகோலிற்று. கிருமியைக் கொல்வது மருந்தே. உணவு மருந்தாகாது என்பது இதன் பாடம்.

அதே சென்னை நிலையத்தின் வழிவந்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வைத்திய கலாநிதிகளான அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் வழிநடத்தலில், இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை மற்றோர் ஆய்வை நடத்தியது. 2,800 நோயாளர்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்மா, எண்ணெய் முதலியவையும் விற்றமின் மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதியினரின் வீட்டாருக்கும் ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சேர்த்து வழங்கப்பட்டன. 2023 ஓகஸ்டில் வெளியான முடிவுகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. உணவு பெற்ற வீடுகளில் ஏனையோருக்குக் காசநோய் ஏற்படுவது 39 சதவீதத்தாலும், தொற்றக்கூடிய சுவாசப்பைக் காசநோய் 48 சதவீதத்தாலும் குறைந்திருந்தது. முதல் இரண்டு மாதங்களில் உடல் நிறை 5 சதவீதம் கூடிய நோயாளர்களிடையே மரணம் வெகுவாகக் குறைந்து காணப்பட்டது.

இரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. மருந்து கிருமியைக் கொல்லும். மருந்து தன் வேலையை முடிக்கும்வரை நோயாளி உயிர்பிழைத்திருப்பதும், அவரது பிள்ளைகளின் உடலில் ஏற்கனவே புகுந்துவிட்ட கிருமி உறங்கியே கிடப்பதும் உணவில் பெரிதும் தங்கியுள்ளன. உலக மக்கட்தொகையின் கால்வாசிப் பேரின் உடலில் இக்கிருமி தொற்றியிருக்கலாம் எனக் கணிக்கப்படுகின்றது. அவர்களுள் 5 முதல் 10 சதவீதத்தினரே வாழ்நாளில் நோயாளியாகின்றனர். ஏனையோரின் அரண் அதனை அடக்கி வைத்திருக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனிய முகாமொன்றில் ஒரே சூழலில் வைக்கப்பட்டிருந்த போர்க்கைதிகளுள், செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொதி கிடைத்த பிரித்தானியரிடையே காசநோய் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அப்பொதி கிடைக்காத ரஷ்யரிடையே அது பன்மடங்காக இருந்தது. முகாம் வாழ்வை அறிந்த எமது மக்களுக்கு இவ்வுதாரணத்தை விளக்கிக் கூறத் தேவையில்லை.

வன்னி மண்ணில் விளைபவை

ஒட்சியேற்ற எதிரிகளையும் அவற்றுக்கு வேண்டிய கனிமங்களையும் புரதத்தையும் விலை கொடுத்து வாங்கும் போத்தலில் தேட வேண்டியதில்லை. வளவு வேலியில் நிற்கும் முருங்கையின் இலையிலும், பொன்னாங்காணியிலும், வல்லாரையிலும், கொய்யாப் பழத்திலும், நெல்லிக்கனியிலும், தேசிக்காயிலும் அவை உள்ளன. உழுந்து, பயறு, கௌபி, எள்ளு, குரக்கன் ஆகியன வன்னியின் மேட்டுநிலப் பயிர்கள். முல்லைத்தீவின் மணற்பாங்கான நிலத்தில் விளையும் கச்சானில் விற்றமின் ‘ஈ’யும் புரதமும் ஒருசேர இருக்கின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் மீனும், கடற்கரையின் சிறுமீனும், ஊர்க்கோழி முட்டையும் கரைந்த தசையை மீளக் கட்டுபவை. மரக்கறியை மட்டும் உண்பவர்கள் பருப்பு வகையையும் பாலையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். பசியற்ற நோயாளிக்கு ஒரே வேளையில் நிறையக் கொடுப்பதைவிட, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதே தக்கது.

இவை மருந்துக்கு மாற்றீடு என எவரும் கருதிவிடக் கூடாது. முருங்கையிலையை நம்பி மாத்திரையை விட்டவர், பானத்தை நம்பி விட்டவரைப் போலவே ஆபத்தில் இருக்கின்றார்.

றமழான் மாதத்தில் சிகிச்சை பெறும் முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்களித்து, குணமடைந்த பின்னர் அதனை நிறைவேற்ற மார்க்கம் இடமளித்துள்ளது. எனவே, நோன்பின் பொருட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துவதோ நாளை மாற்றுவதோ வேண்டாம். சிகிச்சையளிக்கும் வைத்தியருடனும் ஊரின் உலமாக்களுடனும் முன்கூட்டியே கலந்து முடிவெடுப்பதே முறையாகும். சைவ, கிறிஸ்தவ விரதங்களை அனுஷ்டிப்போருக்கும் இதுவே பொருந்தும்.

செய்ய வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் ஆகியன காணப்பட்டால் அண்மித்த அரச வைத்தியசாலையையோ மாவட்ட மார்பு சிகிச்சை நிலையத்தையோ நாட வேண்டும். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் வீட்டாரும், விசேடமாகச் சிறுபிள்ளைகளும், பரிசோதிக்கப்பட வேண்டும்.

நாட்டின் ஆட்சியாளர்களிடமும் நாம் ஒன்றைக் கேட்க வேண்டியுள்ளது. வறிய காசநோயாளர்களுக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களங்களின் ஊடாக உதவிப்பணம் வழங்கும் ஏற்பாடு எமது நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அது வரவேற்கத்தக்கது. ஆனால், அரிசியும் பருப்பும் முட்டையும் விற்கும் விலைக்கு அது ஈடாக இருக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் 1970 களிலிருந்து திரிபோஷா வழங்கிப் பழகிய சுகாதாரத்துறைக்கு, நோயாளியின் நிறையை அளந்து உணவுப் பொதி கொடுப்பது அறியாத வேலையல்ல. இந்தியா 2018 முதல் காசநோயாளர் ஒவ்வொருவருக்கும் மாதம் 500 ரூபாவை ஊட்டச்சத்துக்கென வழங்கி, 2024 இல் அதனை 1,000 ரூபாவாக உயர்த்தியது. தமிழ்நாடு 2022 இல் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் கீழ், மிகவும் மெலிந்த நோயாளர்களை முதல் நாளிலேயே இனங்கண்டு வைத்தியசாலையில் சேர்க்கின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வருடமொன்றில் காசநோய்க்கு ஆளாகும் குடும்பங்கள் எண்ணிவிடக்கூடிய தொகையினவே. ஆறு மாதத்துக்கு அக்குடும்பங்களின் அடுப்பை எரியவைப்பது ஓர் அரசாங்கத்துக்கு இயலாத காரியமன்று. அரசாங்கம் வரும்வரை காத்திராமல் கோவில் தர்மகர்த்தா சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தேவாலயங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும், நோயாளியின் பெயரை வெளிப்படுத்தாமல், சுகாதாரப் பரிசோதகரின் கையில் ஒரு பொதியை ஒப்படைக்கலாம்.

இறுதியாக, சமூகம் தன் மனதிலும் ஒரு கறளை அகற்ற வேண்டியிருக்கின்றது. காசநோயாளிக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, தனி மூலை என ஒதுக்கி வைக்கும் வழக்கம் எமது வீடுகளில் இன்னமும் மறையவில்லை. காசநோய் பாத்திரத்தினால் பரவுவதில்லை, காற்றினால் பரவுவது. தக்க மருந்தை இரண்டு வாரங்கள் அளவில் ஒழுங்காக உட்கொண்டதும் பரப்பும் ஆற்றல் பெரும்பாலானோரில் வெகுவாகக் குறைந்துவிடுகின்றது. அதுவரை வாயை மூடி இருமுவதும், யன்னல்களைத் திறந்து வைப்பதும் போதிய பாதுகாப்பைத் தரும். ஒதுக்கப்படுவோம் என அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர். மறைத்த நோயே ஊரெங்கும் பரவுகின்றது. நோயாளியின் தட்டைப் பிரித்து வைப்பதற்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியையேனும் அத்தட்டை நிரப்புவதற்குக் காட்டுவோமாயின், வன்னியில் இந்நோயினால் நிகழும் மரணங்களில் பலவற்றைத் தவிர்த்துவிடலாம்.